தேசவழமையும் மணமுறிவும்

இல்லற வாழ்வு செம்மையாக நடக்குங்கால் ஆதனம் யாருடையது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. கணவனும் மனைவியும் பிரிய நேரும்போதே வீடு யாருக்கு, வயல் யாருக்கு, பிள்ளைகளுக்குச் சோறிடுபவர் யார் என்னும் வினாக்கள் ஒருங்கே எழுகின்றன. ஆகவே ஒரு சமுதாயத்தின் ஆதனச் சட்டத்தினது வலிமையையும் குறையையும் அறிதற்கு மணமுறிவே தக்க உரைகல் ஆகும். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை அவ்வுரைகல்லில் இட்டு நோக்குதல் பயனுடைத்து.

ஒல்லாந்த தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707 ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். அத்தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் ஆராய்வுக்கு விடப்பட்டது; அவர்களும் அதனை ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

தேசவழமையின் அடிப்படை ஆதனத்தை அதன் தோற்றுவாய் நோக்கிப் பகுத்தலாகும். முன்னோர்வழி வந்தது முதுசம். பெண்ணுக்கு மணத்தின்போது பெற்றோர் கொடுத்தது சீதனம். மணவாழ்வுக் காலத்தில் ஈட்டப்பட்டது தேடிய தேட்டம். பண்டைக் காலத்தில் தந்தையின் முதுசம் ஆண்மக்களையும், தாயின் சீதனம் பெண்மக்களையும், தேட்டம் இருபாலாரையும் சென்றடைந்தன என்றும், போர்த்துக்கேயர் காலத்தில் இம்முறை மாறுபட்டது என்றும் அத்தொகுப்பே கூறுகின்றது. மனைவியின் சீதனம் கணவனது ஆதனத்தோடு கலந்து மறைந்துவிடவில்லை என்பது இங்கே கருதத்தக்கது.

இணங்கி வாழ்வோரை மாத்திரமன்றிப் பிணங்கி வாழ்வோரையும் அத்தொகுப்பு கண்டுகொண்டது. தம்பதிகள் மனவேற்றுமையால் பிரிந்து வாழின், பிள்ளைகள் பொதுவாகத் தாயின் பக்கம் நின்று அவளுடனேயே வாழ்வர் என்றும், அந்நிலையில் மனைவியின் சீதனத்தில் எதனையும் பிறர்க்கு நன்கொடையாக வழங்கக் கணவனுக்கு உரிமையில்லை என்றும் அது உரைக்கின்றது. பிள்ளைகள் எங்கே வாழ்கின்றனரோ அங்கே சீதனமும் நிலைத்திருத்தல் வேண்டும் என்பதே இவ்விதியின் உட்கிடை எனலாம்.

எனினும் மணமுறிவு இச்சட்டம் ஒன்றினாலேயே தீர்க்கப்படுவதன்று. விவாகத்தைக் கலைத்தற்குரிய காரணங்களை 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் வகுத்தது. மணத்தின் பின் நிகழ்ந்த பிறர்மனை நயத்தல், தீய எண்ணத்துடன் கைவிடுதல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை என்பன அவை. வழக்கு நடக்கும் முறையையும் இடைக்காலத் தாபரிப்பையும் 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை வகுத்தது. முதலில் வழங்கப்படும் தீர்ப்பு மூன்று மாதமேனும் கழிந்த பின்னரே முடிந்த தீர்ப்பாகும். பிள்ளைகளைப் பொறுத்தவரை உரோம ஒல்லாந்தச் சட்டம் தந்தையையே இயற்கைப் பாதுகாவலனாகக் கொண்டது. இவ்வாறு யாழ்ப்பாணத்துத் தம்பதிகள் ஒரு சட்டத்தின்படி பிரிந்து, மற்றொரு சட்டத்தின்படி ஆதனத்தைப் பகுக்க வேண்டியவராயினர்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே பெண்ணின் இடர் மிகுந்தது. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் மனைவியின் ஆதனம் அவளுக்கே தனியுடைமை என உறுதி செய்தது. ஆயினும் அசையா ஆதனத்தை அவள் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் எனவும் அதுவே விதித்தது. ஏனைய பெண்கள் பலருக்கு இத்தகைய கட்டுப்பாட்டை நீக்கிய 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் தேசவழமைக்கு உட்பட்ட தமிழரைத் தன் எல்லைக்குப் புறம்பாக்கியது. எனவே வழக்குச் செலவுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ தன் சீதனக் காணியை விற்க அல்லது ஈடுவைக்க விழையும் பெண், தான் எதிர்த்து வழக்காடும் கணவனிடமே ஒப்பம் கேட்டு நிற்க நேர்ந்தது. கணவன் கைவிட்டுச் சென்றாலும், காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலும் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறலாம் என்னும் வழி இருந்தது உண்மையே. ஆனால் அவ்வழியும் மற்றொரு வழக்கும் மற்றொரு செலவுமே ஆயிற்று. முடிந்த தீர்ப்புக் கிடைத்த பின்னரே, கணவன் என ஒருவன் இல்லாமையால், அவள் தன் ஆதனத்துக்கு முழுத் தலைவியானாள்.

இரண்டாவது இடர் தேடிய தேட்டத்தைப் பற்றியது. 1911 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இருவருக்கும் சரிபாதி உரிய பொதுவுடைமை என்றது. 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தம் அதன் வரைவிலக்கணத்தைச் சுருக்கியதோடு, ஒருவர் இறந்தபோது அவருக்குரிய தேட்டம் பாதி துணைக்கும் பாதி உரித்தாளர்களுக்கும் சேரும் என விதித்தது. இறப்பைப் பற்றித் தெளிவாகப் பேசிய அச்சட்டம் மணமுறிவைப் பற்றி அவ்வாறு பேசவில்லை. கணவன் மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பணம் அனுப்ப, மனைவி ஊரில் தோட்டமும் வீடும் பேணிய குடும்பங்கள் பல. அங்கே உறுதி கணவன் பெயரில் முடிக்கப்பட்டிருப்பின், மனைவியின் உழைப்புக்குரிய பங்கை நிறுவுதல் எளிதன்று.

சீதனக் காணியும் பணமும் ஒரே தன்மையன அல்ல என்பதும் நினைக்கத்தக்கது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய சீதன உறுதி பல்லாண்டு கழிந்தும் சான்று பகரும். மணமகன் கையில் எழுத்தின்றிக் கொடுத்த பணமோ அவன் சகோதரியரின் மணத்தில் செலவாகிவிடலாம். மீட்கச் சான்று கிடைப்பதரிது.

தாபரிப்புத் துறையில் காலம் சற்று முன்னேறியது. 1889 ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் மனைவியையும் பிள்ளைகளையும் பேணும் கடமையைக் கணவன்மேற் சுமத்தியது. அதன் இடத்தைப் பெற்ற 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம், தம்மைத் தாமே பேண இயலாத கணவனோ மனைவியோ எவராயினும், வசதியுள்ள மற்றவரிடம் தாபரிப்புக் கோரலாம் என விரித்தது.

தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பெண்ணுக்குத் தனியுடைமை உண்டு என்பதைத் தேசவழமை பன்னெடுங் காலத்துக்கு முன்பே ஏற்றது. அவ்வுடைமையை ஆளும் அதிகாரத்தை அவளுக்கு வழங்கப் பின்வந்த சட்டம் தயங்கியது. உடைமை ஓரிடத்தும் அதிகாரம் பிறிதோரிடத்தும் நிற்பின், இல்லறம் இனிது நடக்கும்வரை குறை தோன்றாது; அது குலையும் நாளில் அதன் சுமை பெண்மீதும் பிள்ளைகள்மீதுமே விழும். மூதாதையர் வகுத்த நெறியின் உட்கிடையை உணர்ந்து இவ்விரண்டையும் ஒன்று சேர்த்தலே அந்நெறியைப் பேணும் முறையாகும்.