ஒரே கூரை, பல வாசல்

பாட்டி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். "எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்குமே, சின்ன வயசுல உங்க வீட்டை எப்படிப் பாட்டி கண்டுபிடிப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "வாசல்ல அம்மா போடுற கோலத்தைப் பாத்துத்தான்யா" என்றார்.

வான்படங்களிலிருந்து கட்டடங்களைக் கணினியே பிரித்தெடுக்க வைப்பது என் வேலை. அந்தப் பதில் அடிக்கடி குறுக்கே வந்து நிற்கும்.

விமானம் நேர்கோட்டில் பறந்தபடி, அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுக்கும். ஒரே கூரை இரண்டு படங்களில் வேறுவேறு இடத்தில் விழும். உயரம் கூடினால் அந்த விலகலும் கூடும். நம் இரு கண்களும் ஆழத்தை அறிவது இப்படித்தான். பல பத்தாண்டுகள் மனிதர்களே கருவிமுன் உட்கார்ந்து கூரை மூலைகளை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள்.

இதைக் கணினியிடம் ஒப்படைக்கும் முயற்சியில் 1988இல் ஹுவெர்ட்டாஸ், நெவாட்டியா இருவரும் எழுதிய கட்டுரை முக்கியமானது. அவர்கள் ஒற்றைப் படத்தோடு வேலை செய்தார்கள். கட்டடம் என்றால் செவ்வகம், அல்லது செவ்வகங்களின் சேர்க்கை. நிழல் அதற்குச் சாட்சி. இரட்டைப் படங்களில் வழி வேறு. புள்ளிக்குப் புள்ளி பொருத்தி உயரங்களைக் கணக்கிட்டு, தரையின் உயரத்தைக் கழிப்பார்கள். மிஞ்சுவது கட்டடம், இல்லையென்றால் மரம்.

இதைப் பிரிக்பீல்ட்ஸ்மேல் வைத்துப் பாருங்கள். ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் கோபுரம் செவ்வகத்துக்குள் அடங்காது. மரத்தடிச் சிறுகோயில் இலைக்குள் மறைந்துபோகும். ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் மாதிரி வரிசை வீடுகளோ, ஒரு வரிசைக்கு ஒரே கட்டடமாகிவிடும்.

இது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் இல்லை. அவசரகாலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் 81ஆம் பிரிவு மலாயாவை வானிலிருந்து படமெடுத்தது. அதன் கடைசி ஸ்பிட்ஃபயர் பணி 1954 ஏப்ரல் 1இல் முடிந்தது. அந்தக் காலத்து இரட்டைப் படங்கள் கையில் இருந்தால், இடிக்கப்பட்ட தோட்ட லயங்களையும் தெருக்களையும் உயரத்தோடு மீட்கலாம். எனக்கு அதில் பெரிய ஆசை உண்டு. ஆனால் கூரைகளை எண்ணி வீடுகள் என்று எழுதிவிட்டால், பத்துக் குடும்பம் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

கூரையை இயந்திரம் எண்ணட்டும். வாசல்களை எண்ண, பழைய குவார்ட்டர்ஸ் பதிவேடுகள் வேண்டும், பாட்டிகளும் வேண்டும். பதிவேடு காத்திருக்கும். பாட்டிக்கு இப்போது எண்பத்தாறு.