மிளகு சென்ற வழியும் கிழங்கு வந்த வழியும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறிக் கடந்தால் கேரளத்தின் உடும்பஞ்சோலைப் பகுதியை அடையலாம். ஏலமும் மிளகும் செழித்த இம்மலையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்து வருகின்றனர். மலைக்குளிருக்கு இதமாகத் தணலில் கிழங்கு சுட்டு உண்பது நம்மவர்க்குப் புதிதன்று. அச்சுட்ட கிழங்கே பாலாடைக்கட்டி பொதிந்து நகர விருந்துகளில் பரிமாறப்படும்போது, 'இஃது அயலார் உணவு' என ஒதுக்குவாரும் உளர். அயலது எது, நம்முடையது எது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

செய்முறை எளிது. பெரிய உருளைக்கிழங்கைத் தோலோடு கழுவித் துடைத்து, மூடிய அடுப்பில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், உள்ளே மாவாக மலரும்வரை சுடவேண்டும். நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, தோல் கிழியாமல் உள்ளிருப்பதைத் தோண்டி எடுத்து, வெண்ணெய், உப்பு, துருவிய பாலாடைக்கட்டி, மிளகுப்பொடி சேர்த்துப் பிசைந்து, அத்தோலிலேயே நிரப்பி, மேற்புறம் பொன்னிறமாகும்வரை மீண்டும் அடுப்பில் வைத்தெடுத்தால் போதும்.

இவ்வொரு பண்டத்தில் மூன்று நிலங்கள் கூடுகின்றன. கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்கு உரியது. அம்மலைமக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அதனைப் பயிரிட்டனர்; மண்கட்டிகளால் அடுப்புக் கூட்டிச் சுட்டும் உண்டனர். எனினும் ஸ்பானியர் வரும்வரை அங்கே பசுக்கள் இல்லை. பாலாடைக்கட்டி ஐரோப்பியர் கொண்டு சேர்த்தது. மிளகோ நமது மேற்குத்தொடர்ச்சி மலையின் செல்வம்.

அம்மிளகே இக்கதைக்கு வித்து. பண்டு முசிறித் துறையில் யவனர் பொன் கொடுத்துப் பெற்ற சரக்கு அது. அத்தகைய நறுமணப் பொருள்கள் விளையும் கீழ்த்திசைக்குக் கடல்வழி தேடிய கொலம்பஸ், 1492-இல் அமெரிக்கத் தீவுகளை அடைந்தார். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்தார். இவ்வாறு திறந்த கடல்வழிகளிலேதான் உருளைக்கிழங்கு பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும், பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது. மும்பையில் வாழும் அன்பர்கள் நாளும் கேட்கும் 'படாட்டா' என்பது போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொல். கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1820-களில் அதனை உதகையில் பயிரிடச் செய்தார். இன்று உடும்பஞ்சோலைக்கு வடக்கே வட்டவடையிலும் காந்தளூரிலும் தமிழ் உழவர் அதனை விளைவிக்கின்றனர்.

கடல் கடந்து வந்த அக்கிழங்கு இன்று நம் தோசைக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. அதனை அயலது என்பார் எவருமிலர். ஆதலின் வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் இப்பண்டத்தை விரும்பினால் மனமுவந்து செய்துகொடுப்போம். மேலே மிளகு தூவும்போது, அது எம்மலையிலிருந்து புறப்பட்டது என்பதையும் சொல்லிவைப்போம்.