பேருந்து வீடுகளும் மாற்று எஞ்சினும்: அமெரிக்க நெடுஞ்சாலையின் ஒரு துணைத்தொழில்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நெடுந்தூரப் பேருந்து நிறுவனங்கள் ஓட்டிக் கழித்த வண்டிகளை விலைக்கு வாங்கி, இருக்கைகளைப் பெயர்த்தெடுத்து, படுக்கையும் அடுப்படியும் குளியலறையும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திப் பயண வீடாக்கிக்கொள்ளும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் வேரூன்றியது. தொழிற்சாலையிலேயே வீடாகக் கட்டி விற்கப்படும் வண்டிகளிலிருந்து வேறுபடுத்த, இவ்வகை வண்டி இங்குப் பேருந்து வீடு எனப்படுகிறது. அலுமினியத் தகடு போர்த்த இந்த வண்டிகளின் கூடு அரை நூற்றாண்டு தாங்கக்கூடியது. ஆனால் பயணிகளைச் சுமந்து பல லட்சம் மைல் ஓடிய பிறகே வண்டி புதிய உரிமையாளரின் கைக்கு வந்ததால், அதன் டீசல் எஞ்சினுக்கு அந்த ஆயுள் இருக்கவில்லை. ஆகவே மாற்று எஞ்சின் தேடுவது இவ்வழக்கத்தோடு ஒட்டிப் பிறந்த வேலையாயிற்று. அத்தேடலில் உரிமையாளரின் விருப்பத்துக்கு இருந்த இடம் மிகச் சிறிது. பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் எந்த எஞ்சினை வாங்கின, எப்போது கழித்தன என்பதே அவருக்குக் கிடைக்கக்கூடியதை முடிவு செய்தது.

இவ்வரலாற்றின் பெரும்பகுதி ஒரே எஞ்சின் குடும்பத்தின் வரலாறாகும். 1930-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கிளீவ்லாந்தின் வின்டன் எஞ்சின் நிறுவனத்தை வாங்கியது; ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த சார்லஸ் கெட்டரிங், கப்பலுக்கும் மின்நிலையத்துக்கும் மட்டுமே உகந்ததாகக் கருதப்பட்ட கனமான டீசல் எஞ்சினை எடை குறைந்ததாக்க முனைந்தார். அம்முயற்சியில் உருவான எஞ்சின்கள் 1933-ஆம் ஆண்டுச் சிகாகோ கண்காட்சியில் மின்சாரம் உண்டாக்கின; அடுத்த ஆண்டே பர்லிங்டன் செஃபிர் என்னும் ரயிலை இழுத்தன. சாலை வண்டிகளுக்கும் படகுகளுக்கும் ஏற்ற சிறிய வடிவத்தைத் தயாரிக்க டெட்ராய்ட் நகரில் தனிப் பிரிவு அமைக்கப்பட்டு, 1938-இல் 71 வரிசை எஞ்சின்கள் விற்பனைக்கு வந்தன. ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவும் 71 கன அங்குலம் என்பதால் இப்பெயர். ஆறு சிலிண்டர் கொண்டது 6-71, நான்கு கொண்டது 4-71, பின்னர் 1957-இல் வந்த, V வடிவில் எட்டுச் சிலிண்டர் அமைந்தது 8V-71.

இவை டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு முறையில் இயங்கின. நால்வீச்சு எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்கினால்தான் ஒரு முறை ஆற்றல் பிறக்கும். இருவீச்சு எஞ்சினிலோ பிஸ்டனின் ஒவ்வொரு இறக்கமும் ஆற்றல் தருவது. பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டர்ச் சுவரில் சுற்றிலும் உள்ள துளைகள் திறக்க, புளோயர் என்னும் காற்றுத் தள்ளி புதுக்காற்றை உள்ளே செலுத்த, எரிந்த புகை மேலே உள்ள வால்வுகள் வழியாக வெளியேறும். புளோயர் இந்த எஞ்சினுக்குக் கூடுதல் அணியன்று, மூச்சே அதுதான். அது நின்றால் எஞ்சினும் நிற்கும். இதே காரணத்தால், கசிந்த எண்ணெயைக் காற்றோடு உறிஞ்சிக் கட்டுமீறி ஓடத் தொடங்கும் எஞ்சினை நிறுத்த, டீசலை அடைத்தால் போதாமல், காற்று வழியையே மூடும் அவசரக் கதவு ஒன்றும் வைக்கப்பட்டது. ஓசையிலும் இது தனித்தது: நிமிடத்துக்கு 2,100 சுற்றில் ஓடினாலும் அதைப்போல் இருமடங்கு வேகத்தில் ஓடுவதாகக் காதுக்குப் படும், இரைச்சல் மிகுந்த இந்த எஞ்சினுக்கு லாரி ஓட்டுநர்கள் அலறும் ஜிம்மி என்றே பெயர் வைத்தனர்.

மாற்று எஞ்சின் தேடுவோருக்குப் பயன்பட்ட பண்பு வேறொன்று. பிஸ்டன், லைனர், வால்வு, இன்ஜெக்டர் ஆகியவற்றில் பெரும்பாலானவை இரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கும் பொதுவானவை. மேலும், எஞ்சின் உடல் சமச்சீராக வார்க்கப்பட்டதால், புளோயரை எந்தப் பக்கத்திலும் பொருத்தலாம். கிராங்க் தண்டை வலம் சுற்றவும் இடம் சுற்றவும் வைக்கலாம். ஒரே எஞ்சின் படகிலும் லாரியிலும் கிணற்றுப் பம்பிலும் பேருந்திலும் பணிபுரிய முடிந்தது இதனால்தான். போர்க்காலத்தில் படைவீரர்களைக் கரையில் இறக்கிய படகுகளிலும், இரட்டை எஞ்சின் பூட்டிய எம்4ஏ2 ஷெர்மன் டாங்கிகளிலும் 6-71 பெரும் எண்ணிக்கையில் ஏறியது. போர் முடிந்தபின் அவற்றில் பல உபரிச் சரக்காகச் சந்தைக்கு வந்தன.

பேருந்துக்குள் எஞ்சின் அமர்ந்த விதத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தேடலின் பாதி இடையூறு அங்கேயே இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் துணை நிறுவனமான யெல்லோ கோச், 1930-களின் நடுவில், டுவைட் ஆஸ்டின் என்னும் பொறியாளர் வகுத்த கோண இணைப்பை ஏற்றுக்கொண்டது. இதன்படி எஞ்சினும் கியர்பாக்ஸும் பேருந்தின் பின்முனையில் குறுக்காகக் கிடக்கும். கியர்பாக்ஸிலிருந்து ஒரு தண்டு சாய்வாகத் திரும்பிப் பின் அச்சைச் சென்றடையும். மேலிருந்து பார்த்தால் V எழுத்தின் வடிவம் தெரிவதால் இது V-இணைப்பு எனப்பட்டது. இருக்கைக்கும் சாமானுக்கும் மிச்சமான இடம் அதன் ஆதாயம். பின்பம்பரைக் கழற்றி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒருசேர வெளியே இழுத்து, தயாராக வைத்திருக்கும் வேறொன்றை உள்ளே தள்ளிவிட முடிந்ததால், பழுதான எஞ்சினைச் சரிசெய்யும்வரை பேருந்தை நிறுத்திவைக்கத் தேவையிருக்கவில்லை. எஞ்சின் மாற்றுதல் என்பதைப் பேருந்து வீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. நிறுவனங்களின் பணிமனைகளில் அது அன்றாடக் காரியமாக இருந்தது.

பணிமனை அளவைத் தாண்டிய மாற்றத்துக்குச் சீனிக்ரூசர் எடுத்துக்காட்டு. ரேமண்ட் லோவியின் வடிவமைப்புப் பங்களிப்போடு கிரேஹவுண்ட் பேருந்து நிறுவனத்துக்கென்றே 1954 முதல் 1956 வரை 1,001 எண்ணிக்கையில் கட்டப்பட்ட, 40 அடி நீளமும் இரண்டு தளமும் கொண்ட இப்பேருந்துக்குப் போதிய ஆற்றலுள்ள ஒற்றை டீசல் எஞ்சின் அன்று ஜெனரல் மோட்டார்ஸிடம் இல்லை. ஆகவே இரண்டு 4-71 எஞ்சின்களைப் பக்கம் பக்கமாக வைத்து, திரவ இணைப்பு வழியாக ஒரே கியர்பாக்ஸில் சேர்த்தனர். இரு எஞ்சின்களை ஒருமுகமாக உழைக்க வைக்கும் இந்த ஏற்பாடு ஓயாத தொல்லையாக முடிந்தது. 8V-71 வெளிவந்த பிறகு, 1961-62-இல், மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் எஞ்சிய 979 வண்டிகளைப் பிரித்து, இரட்டை எஞ்சினை அகற்றி, ஓர் 8V-71-ஐயும் நான்கு வேகக் கியர்பாக்ஸையும் பொருத்தித் தந்தது. இன்று பேருந்து வீடாக நிற்கும் சீனிக்ரூசர் பெரும்பாலும் பிறந்தபோது இல்லாத எஞ்சினோடுதான் வாழ்கிறது. பழைய வண்டியில் அசல் எஞ்சினே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் சேகரிப்பாளருக்கு இது சங்கடமான உண்மை.

எஞ்சின் எங்கும் ஒன்றாயிருந்ததற்கு அரசின் பங்கும் உண்டு. பேருந்துச் சந்தையில் ஜெனரல் மோட்டார்ஸ் செலுத்திய ஆதிக்கத்தை எதிர்த்து அமெரிக்க அரசு 1956-இல் தொடுத்த வழக்கு, 1965 இறுதியில் இணக்கத் தீர்ப்பாக முடிந்தது. அதன்படி அந்நிறுவனம் தன் டீசல் எஞ்சின்களையும் கியர்பாக்ஸ்களையும் பிற பேருந்துத் தயாரிப்பாளர்களுக்கும் விற்கக் கடமைப்பட்டது. வின்னிபெக்கின் எம்சிஐ பேருந்துகள், பெல்ஜியத்திலும் பின்னர் டெக்சாஸிலும் கட்டப்பட்ட ஈகிள் பேருந்துகள் ஆகியவையும் டெட்ராய்ட் எஞ்சினையே சுமந்தன. கூடு மூன்று நாட்டில் பிறந்தாலும் எஞ்சின் ஓரிடத்தில் பிறந்தது என்பது பேருந்து வீட்டுக்காரருக்குப் பெரும் வசதி.

பேருந்து வீட்டுக்காரர்கள் ஓர் அமைப்பாகத் திரண்டதும் இதே காலத்தில்தான். 1963 ஜூலை 20 அன்று முழுச் சூரிய கிரகணத்தைக் காண மெய்ன் மாநிலத்தின் ஹிங்க்லியில் தத்தம் வண்டிகளோடு கூடிய குடும்பங்கள் தொடங்கிய சங்கமே ஃபேமிலி மோட்டார் கோச் அசோசியேஷன். அன்றைய வண்டிகளில் பல, மாற்றியமைத்த பேருந்துகளே. அவர்கள் மிகவும் விரும்பியது 1953 முதல் 1960 வரை ஐயாயிரத்துக்கும் மேல் தயாரான, ஜெனரல் மோட்டார்ஸின் பிடி-4104. பெயரில் பி என்பது நெடுந்தூரப் பயணிப் பேருந்தையும், டி என்பது டீசலையும், 41 என்பது இருக்கை அளவையும், 04 என்பது அவ்வளவில் நான்காம் மாதிரியையும் குறிக்கும். காற்றுப் பைகள் தாங்கிய இந்த வண்டி மிதமாக மிதந்து சென்றது. ஆனால் சுமார் 200 குதிரைத்திறன் தரும் அதன் 6-71, ராக்கி மலைச் சரிவுகளில் லாரிகளோடு சேர்ந்து ஊர்ந்தது. 1961-இல் 8V-71 பூட்டிய பிடி-4106 வந்தபோது மலையேற்றம் எளிதாயிற்று, டீசல் செலவும் ஏறிற்று.

எஞ்சின் மூன்று வழிகளில் கிடைத்தது: கழித்த பேருந்து அல்லது லாரியிலிருந்து ஓடும் நிலையில் கழற்றியது, பட்டறையில் முழுமையாகப் புதுப்பித்தது, தன் எஞ்சினையே வண்டியை விட்டு இறக்காமல் லைனர், பிஸ்டன் மாற்றிச் சீர்செய்தது. புதுப்பித்ததை வாங்குவோர் பழையதைத் திருப்பித் தர வேண்டும். கோர் எனப்படும் இப்பழைய எஞ்சினுக்காக வாங்கிய முன்பணம், உடலும் கிராங்க் தண்டும் வெடிப்பின்றித் திரும்பினால்தான் மீளும். பிஸ்டன் தண்டு உடலைத் துளைத்து வெளிவந்த எஞ்சினுக்கு அப்பணம் போனது போனதே.

லாரியிலிருந்து கழற்றியது மலிவு. 318 குதிரைத்திறன் கொண்ட 8V-71 நெடுஞ்சாலை லாரிகளில் மிகப் பரவலாக இருந்ததால் 318 என்றே அது அழைக்கப்பட்டது. ஆனால் V-இணைப்புப் பேருந்தின் கியர் அமைப்பு ஒரு குறிப்பிட்ட சுழற்சித் திசையை எதிர்பார்ப்பது. திசை மாறிய எஞ்சினை அப்படியே பூட்டினால் முன்னோக்கிய கியர்கள் வண்டியைப் பின்னுக்குத் தள்ளும். கேம் தண்டு, எண்ணெய் பம்ப், ஸ்டார்ட்டர் முதலியவற்றை மாற்றித் திசையைத் திருப்ப 71 வரிசை இடம் கொடுத்தது, எனினும் அது பட்டறைச் செலவு. எஞ்சின் உடலில் பொறித்த மாதிரி எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் வரிசை, சிலிண்டர் எண்ணிக்கை, பயன்பாடு, சுழற்சி ஆகியவற்றை அங்கேயே அறிந்துகொள்வார். படிக்காமல் வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அறிவார்.

1974-இல் வந்த 92 வரிசை, ஒரு சிலிண்டருக்கு 92 கன அங்குலக் கொள்ளளவோடு, ஏறக்குறைய அதே அளவு உடலில் கூடுதல் ஆற்றலைத் தந்தது. ஆனால் 71-இல் லைனரைக் குளிர்நீர் தொடாது. 92-இல் லைனரின் மேற்பகுதியைச் சுற்றி நீர் ஓடும், அதை ரப்பர் வளையங்கள் தடுத்து நிற்கும். ஒரு முறை கடுமையாகச் சூடேறினால் வளையங்கள் கருகி, நீர் காற்றறைக்குள் இறங்கி, எஞ்சின் பாழாகும். பேருந்தின் பின்மூலையில் காற்றோட்டம் குறைவு. மேலும் வீடாக்கியவர் குளிர்சாதனமும் ஜெனரேட்டரும் சேர்த்து எடையை ஏற்றியிருப்பார். எனவே பழைய 8V-71-க்குப் பதிலாக 8V-92 பூட்டியவர்களில் ரேடியேட்டரை மாற்றாதவர்கள் ஆற்றலுக்கு இருமுறை விலை கொடுத்தனர்.

இருவீச்சின் முடிவைப் புகைச் சட்டம் கொண்டுவந்தது. சிலிண்டர்ச் சுவரின் துளைகளைப் பிஸ்டன் வளையங்கள் ஒவ்வொரு முறையும் கடப்பதால் சிறிது எண்ணெய் எரிவதைத் தவிர்க்க இயலாது. கனரக டீசல் எஞ்சின் வெளியிடக்கூடிய நுண்துகளின் வரம்போ, குதிரைத்திறன்-மணிக்கு 1988-இல் 0.60 கிராமாக இருந்து, 1991-இல் 0.25 ஆகவும் 1994-இல் 0.10 ஆகவும் இறங்கியது. டெட்ராய்ட் பிரிவே 1987-இல் கணினி இயக்கும் நால்வீச்சு எஞ்சினான சீரிஸ் 60-ஐ அறிமுகப்படுத்தியிருந்தது. 1990-களின் நடுவில் நெடுஞ்சாலை வண்டிகளுக்கான இருவீச்சுத் தயாரிப்பு ஓய்ந்தது. அதன்பின் லாரிப் பட்டறைகளில் குவிந்தவை சீரிஸ் 60 எஞ்சின்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் நீளவாக்கில் கிடக்கும் எம்சிஐ, ஈகிள் பேருந்துகளில் அவற்றைப் பூட்ட முடிந்தது. ஆனால் எஞ்சின் மட்டும் போதாது, அதன் கணினி, கம்பித் தொகுதி, மின்சார ஆக்சிலரேட்டர், காற்றைக் குளிர்விக்கும் இரண்டாம் ரேடியேட்டர், பொருந்தும் கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்தால்தான் வேலை முடியும். ஆகையால் விபத்தில் சிதைந்த லாரியை முழுதாக வாங்கிக் கழற்றுவது வழக்கமாயிற்று.

குறுக்கே கிடக்கும் V-இணைப்பு வண்டிகளில், ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நீளும் சீரிஸ் 60-க்கு இடமில்லை. பின் அச்சையும் கட்டமைப்பையும் வெட்டி மாற்றாமல் அது உள்ளே நுழையாது. இவ்வண்டிகளின் உரிமையாளர்கள் பெரும்பாலும் பழைய 71-ஐயே மீண்டும் புதுப்பிக்கின்றனர். எம்109 பீரங்கி வண்டி முதலிய படைக்கலங்களிலும் மீன்பிடிப் படகுகளிலும் இந்த எஞ்சின் நெடுங்காலம் பணியில் இருந்ததால் லைனரும் கேஸ்கெட்டும் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. கிடைப்பதற்கு அரிதாகிவருவது இன்ஜெக்டர்களை ஒன்றோடொன்று இசைத்து அமைக்கத் தெரிந்த மெக்கானிக்தான்.