'ங்க' வந்த வழி

'வா' என்பதற்கும் 'வாங்க' என்பதற்கும் இடையில் இருப்பது இரண்டே எழுத்து. 'வாருங்கள்' என்பதன் 'கள்' பேச்சில் தேய்ந்துதான் இந்த 'ங்க' ஆனது. எதிரில் நிற்பவரை நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பதை வேறெந்தச் சொல்லையும்விட வேகமாக இது சொல்லிவிடும். ஆனால் 'கள்' மரியாதைக்காகப் பிறந்ததல்ல.

தொல்காப்பியத்தில் அது அஃறிணைப் பெயரோடு சேர்ந்து பன்மை காட்டும் விகுதி. மரங்கள், மாடுகள் என்பதே அதன் எல்லை. மக்களைக் குறிக்க 'அர்' இருந்தது. குறளுக்கு வரும்போது 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என்று 'அர்' மேலேயே 'கள்' ஏறிவிடுகிறது. பூரியர் என்றால் கீழ்மக்கள். அவர்களுக்கும் 'கள்' உண்டு என்றால், அங்கே அதற்கு எண்ணிக்கையைத் தவிர வேறு பொருள் இல்லை.

ஒருவரைப் பன்மையில் சொல்லி உயர்த்தும் பழக்கம் மட்டும் மிகப் பழையது. தொல்காப்பியரே கிளவியாக்கம் என்ற இயலில் அதைக் குறிப்பிடுகிறார்: இது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறிப்படி அமைந்ததன்று என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இலக்கணம் இடம் கொடுப்பதற்கு முன்பே ஜனங்கள் ஒருவரையொருவர் மதித்துப் பேசியிருக்கிறார்கள்.

அன்றைக்கு 'நீ' இழிவாகவும் இல்லை. புறநானூற்றுப் புலவர்கள் வேந்தனை 'நீ' என்றே பாடினார்கள். இன்றும் சாமிக்கும், பல வீடுகளில் அம்மாவுக்கும் 'நீ'தான். பலரை விளிக்க இருந்த 'நீயிர்', 'நீவிர்', 'நீர்' வரிசையில் 'நீர்' ஒருவருக்கான மரியாதையாக மாறியது. நாளடைவில் அதுவும் போதாமல் போகவே, 'நாங்கள்', 'தாங்கள்' போல 'நீங்கள்' மேலே வந்து உட்கார்ந்தது. யாழ்ப்பாணத்தில் 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுப்படியாக 'நீர்' இன்னும் புழங்குகிறது. நெல்லையிலும் 'வாரும்', 'இரும்' கேட்கலாம். 'அவர்' கதையும் இதேதான். பலரைச் சுட்டிய சொல் ஒருவருக்கு மரியாதையானது, பலருக்கு 'அவர்கள்' வந்தது, பிறகு அதுவும் அழைப்பிதழில் ஒரே ஆளின் பெயருக்குப் பின்னால் போய் நின்றது. இன்றைய பேச்சில் இரண்டு வடிவமும் ஒருவருக்கே மரியாதையாக நிற்கின்றன: 'அப்பா வந்தார்', 'அம்மா வந்தாங்க'.

கொங்கு நாட்டில் 'ங்க' பாய்ந்து ஓடுகிறது. 'சரிங்க', 'இல்லைங்க', 'ஏனுங்க'. நடை பழகும் குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு' என்பார்கள்.

ஆனால் இந்தத் தமிழில்தான் பண்ணையார் வீட்டுப் பொடியன், சேரியிலிருந்து வந்த எழுபது வயதுக்காரரை 'வாடா' என்பதும், அவர் 'சொல்லுங்க சாமி' என்று குனிவதும் தலைமுறை தலைமுறையாக நடந்தது. 'ங்க' ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. 1925இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கிய பெரியார், வயதில் மிகச் சிறியவர்களையும் 'வாங்க' என்றே அழைத்தார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் பேசியதை அவர் வாசலிலும் செய்தார் என்பதற்கு எனக்கு அது ஒன்று போதும்.

அந்த 'ங்க' என்ன செய்யும் என்பதை ஒருமுறை நேரில் பார்த்தேன். ஓர் அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வரிசையில் நின்றபோது, என் முன்னால் ஒரு பாட்டி. மேசையில் இருந்தவர் நிமிராமலே, "கையை நீட்டு. மடக்காதே" என்றார். பாட்டியின் விரல்கள் இறுகிக்கொண்டன, நரம்பு அகப்படவில்லை. அடுத்த மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, "பாட்டி, லேசா விடுங்க. இங்க பாருங்க" என்று முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். பாட்டி கையை விட்டார். "நல்லா இருங்க தாயி" என்றார்.

மரியாதையைப் பெயரில் ஏற்றும் முயற்சியும் நடந்தது. 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் தமிழக அரசு 2020இல் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. நல்ல காரியம். தெருவில் குப்பை வண்டி வரும்போது மாடியிலிருந்து விழும் குரல் மட்டும் பல இடங்களில் இன்னும் 'ஏய், இதையும் எடுத்துட்டுப் போ' என்றே இருக்கிறது. பெயரில் ஏறிய மரியாதை இன்னும் வினைக்கு வந்து சேரவில்லை.