குற்றமுள்ள நெஞ்சு மட்டும்தான் குறுகுறுக்குமா?

1/ "அவன் முழிக்கிற முழியே சரியில்ல, பொய்தான் சொல்றான்." இதைச் சொல்லாதவங்க நம்மில் யாருமே இல்லை. ஆனா ஒருத்தர் பொய் சொல்றதை முகத்திலயோ நாடித்துடிப்பிலயோ நிஜமாவே கண்டுபிடிக்க முடியுமா? கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ பழைய கதையிலிருந்து ஆரம்பிப்போம். நாரத ஸ்மிருதி சொல்லும் சோதனைகளில் ஒண்ணு அரிசி. திருடியதா சந்தேகப்படுறவர் அரிசியை மென்னு துப்பணும். ரத்தம் கலந்து வந்தா அவர்தான் திருடன்.

3/ இதில் கொஞ்சம் உடலியல் இருக்கு. பயந்தா எச்சில் சுரப்பது குறையும், வாய் வறண்டு போகும். சரி, திருடாதவன் சபை நடுவுல நின்னா அவனுக்கு வாய் வறளாதா? இந்தக் கேள்வியை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசிவரை வரும்.

4/ அரிசி போய் பிபி கருவி வந்தது. ஹார்வர்டில் படித்த வில்லியம் மார்ஸ்டன், பொய் சொன்னா சிஸ்டாலிக் பிபி ஏறும்னு சொன்னார். 1923-ல் ஃப்ரை வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் அவரோட சோதனையை சாட்சியமா ஏற்க மறுத்தது. அறிவியல் துறையில் பொதுவா ஏற்கப்பட்ட முறை இல்லைங்கிறதுதான் காரணம். பின்னாளில் 'வொண்டர் வுமன்' பாத்திரத்தை உருவாக்கினதும் இதே மார்ஸ்டன்தான். அவ கையில உள்ள கயிறால கட்டினா யாரும் பொய் பேச முடியாது!

5/ 1921-ல் பெர்க்லி போலீஸில் வேலை பார்த்த ஜான் லார்சன் பிபி, நாடி, மூச்சு மூணையும் தொடர்ந்து பதிவு பண்ற பாலிகிராஃப் கருவியைச் செய்தார். கவனிங்க, இந்த மூணில் எதுவுமே பொய் இல்லை. மூணும் பதட்டத்தின் அறிகுறி. டாக்டரைப் பார்த்ததுமே பிபி எகிறுற நோயாளிகளை நாங்க தினமும் பார்க்கிறோம். அவங்க என்ன பொய் சொன்னாங்க?

6/ லார்சனே பிற்காலத்தில் தன் கருவியை ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய பூதத்தோடு ஒப்பிட்டு வருத்தப்பட்டார். ஏன்னு பார்க்க ரெண்டு வழக்கு போதும்.

7/ 1978, ஓஹாயோ மாநிலம். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு இளைஞர், "நான் நிரபராதி, எனக்கென்ன பயம்"னு பாலிகிராஃபுக்கு ஒத்துக்கிட்டார். ஃபெயில். அந்த முடிவு அவருக்கு எதிரா நீதிமன்றத்தில் வந்தது, தண்டனையும் கிடைச்சது. உண்மைக் குற்றவாளிகள் பிடிபட்டு அவர் வெளியே வர ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. சிறையில் இருந்தபோது 27 கைதிகளுக்குக் கருவியை ஏமாத்தச் சொல்லிக் கொடுத்தார். 23 பேர் ஏமாத்திட்டாங்க.

8/ அடுத்து ஆல்ட்ரிச் ஏம்ஸ். சிஐஏ அதிகாரி, சோவியத்துக்கு ரகசியம் விற்றவர். அப்படி விற்றுக்கிட்டு இருந்தப்பவே 1986, 1991-னு ரெண்டு தடவை பாலிகிராஃப். ரெண்டுலயும் பாஸ். 1994-ல்தான் பிடிபட்டார்.

9/ நிரபராதி ஃபெயில், துரோகி பாஸ். 2003-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு எல்லா ஆய்வுகளையும் அலசியது. ஊழியர்களைச் சலிச்செடுக்க இதை நம்புற அளவுக்குத் துல்லியம் இல்லைன்னு முடிவு சொன்னது.

10/ "மெஷின் கிடக்கட்டும், என் கண்ணு தப்பாது"ன்னு சொல்றீங்களா? 2006-ல் பாண்ட், டிபாலோ இருவரும் சுமார் 24,000 பேர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்தாங்க. சராசரியா சரியா கணிச்சது 54%. காசு சுண்டினாலே 50% வரும்.

11/ போலீஸ், நீதிபதி, மனநல மருத்துவர்? 1991-ல் எக்மன், ஓ'சல்லிவன் ஆய்வில் இவங்க யாருமே குருட்டுக் கணிப்பைத் தாண்டல. அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவினர் மட்டும்தான் கொஞ்சம் தாண்டினாங்க.

12/ காரணம், நாம தப்பான அடையாளத்தைத் தேடுறோம். 58 நாடுகளில் கேட்டப்போ, பொய்யரின் அடையாளமா மக்கள் அதிகம் சொன்னது "கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான்". ஆனா கண்ணைப் பார்க்காததுக்கும் பொய்க்கும் ஆய்வுகளில் தொடர்பு கிட்டத்தட்ட இல்லை. பெரியவங்க முன்னாடி தலை குனிஞ்சு பேசுறதை மரியாதைன்னு வளர்த்த ஊர் நம்முது. அதே பிள்ளை ஸ்டேஷன்ல தலை குனிஞ்சா?

13/ 2010-ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் நம்ம உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: ஒருத்தர் சம்மதமில்லாம பாலிகிராஃப், நார்கோ, மூளை அலைச் சோதனை எதுவும் செய்யக்கூடாது. சம்மதிச்சாலும் சோதனை முடிவை மட்டும் சாட்சியமா எடுத்துக்க முடியாது. அதனால செய்தியில் "உண்மை கண்டறியும் சோதனை"ன்னு வரும்போது அந்தப் பேரை அப்படியே நம்பிடாதீங்க. அது கண்டறிவது பதட்டத்தை.

14/ அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு எழுதும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் சொன்னதை "சொன்னபடி"ன்னு எழுதுவோம். காயம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர்னு பார்த்ததைத் தனியா எழுதுவோம். முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுத அதில் இடமே இல்லை. வீட்லயும் வேலையிலயும் நீங்க இதைச் செய்யலாம். சந்தேகம் வந்தா முழியைப் பார்க்காதீங்க. பில்லைப் பாருங்க, தேதியைப் பாருங்க, கூட இருந்தவங்களைக் கேளுங்க. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், சரிதான். குற்றமில்லாத நெஞ்சும் நடுங்கும்.