ஜூபார் முகட்டில் சரவணன்

1999 மே மாதத் தொடக்கம். கார்கில் மாவட்டம் பட்டாலிக் பகுதியில் கார்கோன் என்ற மலைக்கிராமம். காணாமற்போன தன் யாக் மாட்டைத் தேடி மலையேறினார் அவ்வூர் மேய்ப்பர் தாஷி நம்கியால். பைனாகுலரில் பார்த்தால், எதிர்ச் சரிவில் பதான் உடை போட்ட ஆட்கள் பதுங்கு குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். உடனே இறங்கிவந்து ராணுவத்திடம் சொன்னார். குளிர்காலத்தில் ஆளில்லாமல் விடப்பட்ட காவல் நிலைகளில் பாகிஸ்தான் படை ஏறி உட்கார்ந்திருந்தது.

அதைத் தொடர்ந்து மூண்ட கார்கில் போரில், அதே பட்டாலிக்கில்தான் மேஜர் மாரியப்பன் சரவணன் உயிர்விட்டார். 1972 ஆகஸ்ட் 10-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர், திருச்சியில் படித்தவர். தந்தையும் ராணுவ அதிகாரி. சென்னையில் அதிகாரிப் பயிற்சி முடித்து, முதலாம் பிகார் படைப்பிரிவில் சேர்ந்தார். பிகாரிலிருந்து வந்த வீரர்களுக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளை தலைவன்.

மே 28 இரவு அவர்களுக்கு வந்த கட்டளை, ஜூபார் முகட்டை மீட்க வேண்டும் என்பது. பதினாலாயிரம் அடிக்கு மேல் உயரம். நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது, பாறைதான் மறைவு. எதிரியோ மேலே, சுடுவதற்கு வாகாக இருந்தான். இருட்டிலேயே சரவணனின் ஆட்கள் பதுங்கு குழிகளுக்கு அருகே போய்விட்டார்கள். ராக்கெட் லாஞ்சரைத் தோளில் வைத்து அவரே ஒரு குழியைத் தகர்த்தார். குண்டுச் சிதறல் உடம்பில் பாய்ந்தது. பின்வாங்கும்படி வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தும் அவர் திரும்பவில்லை. மே 29 விடிகாலையில் தலையில் குண்டு பட்டு வீழ்ந்தார். வயது 26. அந்தத் தாக்குதலில் அவரோடு உயிர்விட்டவர்களில் ஒருவர் நாயக் கணேஷ் பிரசாத் யாதவ். இருவருக்குமே வீர் சக்ரா கிடைத்தது.

சரவணன் உடல் உடனே ஊர் வந்து சேரவில்லை. எதிரியின் துப்பாக்கி எட்டும் இடத்தில் பனியில் கிடந்தது. ஜூலையில் முகட்டை மீட்ட பிறகுதான் தோழர்களால் அதை எடுக்க முடிந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருந்த தாய் அமிர்தவல்லியிடம், மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டியில் மகன் வந்து சேர்ந்தார். திருச்சியே திரண்டு வழியனுப்பியது. இன்று அந்நகரில் அவருக்கு நினைவிடம் உண்டு.

கார்கில் போரில் இந்தியா இழந்த வீரர்கள் 527 பேர். நினைவிடம் எழுப்பிப் போற்றப்பட்டவர்கள் அவர்களில் சிலரே. நம் மதுரை வட்டாரத்தில் பரவை, சமயநல்லூர், சோழவந்தான், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடு இருக்கும். போனவர் எல்லாரும் திரும்பிவிடவில்லை.

ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதோடு பள்ளிகள் நின்றுவிடக் கூடாது. உங்கள் ஊரிலிருந்து போய் உயிர்விட்ட வீரர் யார், எந்தப் படைப்பிரிவு, எந்த மலை, எந்தத் தேதி என்று மாணவர்களை விசாரித்து எழுதச் சொல்லுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.