தந்தச் சிமிழில் படர்ந்த கொடி

பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் பெரும்பகுதி உமையா மரபினரான கலீபாக்களின் ஆட்சியில் இருந்தது. அவர்தம் தலைநகராகிய கோர்தோபாவிலும் அதனை அடுத்து எழுந்த மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரிலும் அரசகுலத்தார்க்கெனத் தந்தச் சிமிழ்கள் செதுக்கப்பெற்றன. ஆப்பிரிக்க யானையின் தந்தத்தைக் குறுக்கே அறுத்தால் கிடைக்கும் வட்டமே இவற்றின் உருளை வடிவை வகுத்தது. மேலே குவிந்த மூடி. உடலெங்கும் இடைவெளியின்றிப் படர்ந்த கொடி.

அக்கொடி அங்கே பிறந்ததன்று. கிரேக்க, உரோமானியக் கலையில் அது மதுக்கடவுளின் அடையாளமாயிருந்தது. கிறித்தவக் கோயில்களில் சமயக் குறியீடாயிற்று. பின்னர்ச் சிரியாவை ஆண்ட உமையாக்கள் அதனை ஏற்றனர். எட்டாம் நூற்றாண்டில் இன்றைய யோர்தானில் எழுந்த முஷத்தா அரண்மனையின் கல்முகப்பில் திராட்சைக்கொடியும் அதனிடையே விலங்குகளும் பறவைகளும் உள்ளன. ஆயின், பள்ளிவாசல் அமைந்த பகுதியின் வெளிச்சுவரில் உயிரினம் எதுவுமில்லை. கொடி மட்டுமே உண்டு. உருவங்கள் விலகிய இடத்திலும் தனித்து நிற்கும் ஆற்றலைக் கொடி பெற்றுவிட்டது.

750ஆம் ஆண்டில் சிரியாவில் உமையா ஆட்சி வீழ்ந்தது. தப்பிய இளவரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் 756இல் கோர்தோபாவில் புதிய அரசை நிறுவினார். அவர் வழியினர் கொடியலங்காரத்தைப் பேணியதில் இழந்த தாயகத்தின் நினைவும் கலந்திருந்தது எனலாம். அவர்கள் காலத்துத் தந்தத்தில் திராட்சை இலை மெல்ல உருமாறி, எந்தச் செடிக்கும் உரியதல்லாத கற்பனை இலையாயிற்று.

964இல் கலீபா இரண்டாம் அல்ஹகம் தம் துணைவி சுபுஹுக்காகச் செய்வித்த சிமிழ் இன்று மாட்ரிட் அருங்காட்சியகத்தில் உள்ளது. கொடிகளுக்கிடையே மயில்களும் மான்களும் அதில் உலவுகின்றன. 968இல் கலீபாவின் தம்பி அல்முகீராவுக்காகச் செய்யப்பெற்ற சிமிழோ பாரிஸ் லூவரில் உள்ளது. சிறிய உருவே உடைய அதில் பேரீச்சங்கனி பறிக்கும் குதிரைவீரர், எருதுகளைத் தாக்கும் சிங்கங்கள், இசைக்கலைஞர் ஆகியோரைக் காண்கிறோம். மூடியைச் சுற்றிய கூஃபிக் எழுத்துகள் அல்முகீராவுக்கு நலமும் வளமும் வேண்டுகின்றன.

அவ்வாழ்த்து பலிக்கவில்லை. 976இல் அல்ஹகம் மறைந்தபோது சுபுஹின் சிறுவயது மகன் ஹிஷாமை அரியணையில் அமர்த்த விரும்பியோர், போட்டிக்கு வரக்கூடியவர் என்று கருதி அல்முகீராவைக் கழுத்தை நெரித்துக் கொல்வித்தனர். தாயின் சிமிழும் கொலையுண்டவரின் சிமிழும் நான்காண்டு இடைவெளியில் தோன்றியவை. இரண்டிலும் ஒரே கொடி மரபு.

அதே காலத்துச் சிமிழ் ஒன்று நியூயார்க்கில், ஹிஸ்பானிக் சொசைட்டியில் உள்ளது. அதில் மனிதரோ விலங்கோ இல்லை. முழுதும் இலையும் கொடியுமே. உரிமையாளர் பெயருமில்லை. இருப்பவை இரண்டு: செதுக்கிய கலஃப் என்பாரின் பெயர், சிமிழே தன்மையிடத்தில் பேசும் அரபுக் கவிதை. கத்தூரியும் கர்ப்பூரமும் அம்பரும் பெய்துவைக்கும் கலம் தான் என அது தன் அழகைத் தானே புகழ்கிறது.

மதீனத்துஸ் ஸஹ்ரா பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டது. 1031இல் கலீபா ஆட்சியும் முடிந்தது. நறுமணமும் என்றோ கரைந்தது. வாழ்த்தப்பட்டவரை வாழ்த்து காக்கவில்லை. செய்தவன் பெயரையும் பாடியவன் சொல்லையும் தந்தம் காத்தது.